பதினொன்று நாற்பதுக்கு அத்தை

எனக்கு அத்தை கிடையாது. அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை. விவரம் தெரிந்த நாளிலிருந்து இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ‘அத்தை’ என்ற பெயரில் இருந்த ஒரு நோயாளியை யார் என்று கேட்காமலேயே நீக்கினேன். கேட்டிருக்கலாம். அம்மா அடுத்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இருபத்துமூன்று வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தாள். ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் வரவேற்பு மேசை. கீழே டயர் கடை, மாடியில் கிளினிக். ரப்பர் வாசனை படியேறி வந்து, காத்திருப்பவர்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். லிஃப்டில் ஒரு சக்கர நாற்காலியும் அதைத் தள்ளுபவரும் நிற்கலாம், மூன்றாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் கதவிலிருந்து மேசைக்குப் பதினோரு அடி. அம்மா நாற்காலியைச் சற்றுச் சாய்வாகப் போட்டிருப்பாள். முகம் பதிவேட்டில் இருக்கும், கண் லிஃப்டில் இருக்கும்.

அப்பா இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அதுவரை அம்மா வேலைக்குப் போனதில்லை. அந்த மேசையில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று அம்மா போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் திரும்பி வரவில்லை. அம்மாவும் எழுந்திருக்கவில்லை.

வேலை என்றால் நேரம் கொடுப்பது. ஒருவருக்கு இருபது நிமிடம். நீளவாக்கில் திறக்கும் பதிவேட்டில் பென்சிலால் பெயர் எழுதுவாள். ஆள் வந்து சேர்ந்ததும் அதே பெயரின் மேல் பேனாவை ஓட்டுவாள். வராதவரை வந்ததாக அவள் ஒருநாளும் எழுதியதில்லை. பென்சிலாகவே நின்றுபோன பெயர்களுக்கு மறுநாள் காலை போன் போகும்.

போனில் யாரிடமும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டாள். கேட்டால் எல்லாரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்களாம். “இப்போ எந்தக் கையில போன் பிடிச்சிருக்கீங்க?” என்பாள். தோள்பட்டை நோயாளி அதற்குப் பொய் சொல்ல ஒரு நொடி யோசிக்க வேண்டும். அந்த ஒரு நொடி அம்மாவுக்குப் போதும். முதுகுவலிக்காரரிடம், நின்றுகொண்டு பேசுகிறாரா உட்கார்ந்துகொண்டா என்று விசாரிப்பாள். டாக்டரின் குறிப்பில் இல்லாத பாதி விஷயம் அம்மாவின் காதில் இருந்தது.

டாக்டர் அவளை அக்கா என்பார். அவருக்கு உதவியாக இருக்கும் சின்ன டாக்டருக்கும் அவள் அக்காதான். பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துபோன ஒரு கிரேன் ஓட்டுநர் மட்டும் ஹெச்.எம். என்று கூப்பிடுவார். லிஃப்ட் திறந்ததும் நேராக நிற்கத் தோன்றுகிறது, அதனால் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்வாராம். அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கிளினிக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்த மாதிரிச் சிரிப்புகள்தான். நடுவில் இருந்த வேலையை அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் பதினான்கு வருடம் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் குழுவையே கலைத்தார்கள். வேறு வேலை தேடாமல் சொந்தமாக ஒன்று செய்வது என்று முடிவெடுத்தேன். சின்னக் கிளினிக்குகளுக்கு நேரம் பதியும் மென்பொருள். மாதச் சந்தா. முதல் முப்பது நாள் இலவசம்.

முன்பெல்லாம் இதற்கு ஆறு பேர், ஆறு மாதம் வேண்டும். நான் தனியாக, ஐந்து ஏஐ ஏஜெண்டுகளை வைத்துக்கொண்டு, பதினாறு நாளில் முடித்தேன். ஒன்று கோட் எழுதும். ஒன்று அதில் குறை கண்டுபிடிக்கும். ஒன்று வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும். ஒன்று பழைய பதிவுகளைப் படித்துச் சுத்தம் செய்து உள்ளே ஏற்றும். ஐந்தாவது மற்ற நான்கையும் மேய்க்கும். என் வேலை, வேண்டியதைச் சொல்வதும் வந்ததைப் பார்த்துச் சரி என்பதும்.

அம்மா அவற்றைப் பசங்க என்றாள். காலையில் வாட்சைக் கட்டிக்கொண்டே, “பசங்க எழுந்தாச்சா?” என்பாள். சாயங்காலம் வந்ததும், “பசங்க இன்னிக்கு ஒழுங்கா இருந்தாங்களா?” ஒருமுறை கோட் எழுதும் ஏஜெண்ட் ஒரு தவறைத் திருத்தப்போய் வேறு மூன்றைக் கிளப்பிவிட்டது. நான் எரிச்சலோடு சொன்னேன். “உன்னை மாதிரியேதான்” என்றாள்.

இன்னொரு நாள் கொஞ்சம் நிதானமாகக் கேட்டாள்.

“இவங்களுக்கு ஒண்ணு தெரியலன்னு வை. தெரியலன்னு சொல்வாங்களா, இல்ல சமாளிப்பாங்களா?”

“கேப்பாங்கம்மா. கேள்வி எழுதி எனக்கு அனுப்புவாங்க.”

“நீ படிப்பியா?”

“படிக்காம?”

அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள்.

முதல் வாடிக்கையாளர் அம்மாவின் கிளினிக்தான். வேறு மூன்று கிளினிக்குகளிடம் பேசியிருந்தேன். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அங்கே ஒரு மாதம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம். ஆக, அந்த ஒரு கிளினிக் தொடர்ந்தால் எனக்குத் தொழில் உண்டு. இல்லையென்றால் மறுபடி வேலை தேட வேண்டும். அம்மாவுக்கு இது முழுக்கத் தெரியும். டாக்டரிடம் எனக்காகப் பேசியதே அவள்தான். இருபத்துமூன்று வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட ஒரே உதவி அது என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

பழைய பதிவேடுகளில் ஆறு வருடத்தவைதான் மிஞ்சியிருந்தன. அம்மா துணிப்பையில் இரண்டிரண்டாகக் கொண்டுவந்தாள். ஜன்னல் ஓரம் மேசையைப் போட்டு, அவள் பக்கம் புரட்ட, நான் படம் எடுத்தேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நடுநடுவே பக்கத்தில் விரல் வைத்து ஏதோ சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது. நான் தலையாட்டினேன். அடுத்த பக்கம் என்று கை காட்டினேன்.

அதற்கடுத்த ஞாயிறு, பதிவுகளைச் சுத்தம் செய்யும் ஏஜெண்ட் நாற்பத்தேழு கேள்விகள் அனுப்பியது. முதல் ஒன்பதைப் படித்தேன். ஒரே ஆள் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பது, தேதி தாவியிருப்பது, இப்படிச் சில்லறை விஷயங்கள். ஒவ்வொன்றிலும் அது தன் பரிந்துரையையும் எழுதியிருந்தது. ஒன்பதும் சரியாக இருந்தன. மீதியைப் படிக்காமல், எல்லாவற்றுக்கும் உன் பரிந்துரையே சரி என்று எழுதி அனுப்பினேன்.

முப்பத்தோராவது கேள்வி இது. பிறகு பலமுறை படித்ததால் மனப்பாடம்.

‘அத்தை என்ற பெயரில் 1,742 முன்பதிவுகள் உள்ளன. எல்லாம் காலை 11:40. வயது, தொலைபேசி எண், சிகிச்சைக் குறிப்பு இல்லை. ஒருமுறைகூட வந்ததாகப் பதிவில்லை. வரவேற்பு மேசையில் இருப்பவரைக் கேட்பது நல்லது. பதில் கிடைக்காவிட்டால் சோதனைப் பதிவாகக் கருதி நீக்கலாம்.’

பசங்க கேட்டார்கள். நான்தான் படிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து வெளியிட்டேன். முகப்புப் பக்கத்தில் ஒரு வரி: ‘உங்கள் நாளில் ஒரு நிமிடமும் வீணாகாது.’ அம்மா போனைக் கை எட்டும் தூரத்தில் பிடித்து அதைப் படித்தாள்.

“ஒரு நிமிஷம்கூடவா?”

“ஒண்ணுகூட.”

“அடேங்கப்பா” என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கிளினிக்கில் எல்லாம் நன்றாக ஓடுவதாகவே எனக்குத் தெரிந்தது. என் திரையில் ஒரு வரைபடம் உண்டு. கிளினிக்கின் நேரத்தில் எத்தனை சதவீதம் பயன்படுகிறது என்று காட்டும். வெளியிடுவதற்கு முன்பு தொண்ணூற்று ஒன்று. முதல் வாரத்திலேயே தொண்ணூற்றொன்பது. யாராவது ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால், அவருடைய இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் இருந்து இன்னொருவருக்கு அதுவே கொடுத்துவிடும். அந்த வசதியில் எனக்குப் பெருமை அதிகம்.

அந்த வாரம் என் போனுக்கு மூன்று நினைவூட்டல்கள் வந்தன. ‘அத்தை, நாளை காலை 11:40 மணிக்கு உங்கள் நேரம்.’ சோதனை செய்யும் ஏஜெண்ட் என் எண்ணைப் போட்டுப் பார்க்கிறது என்று நினைத்தேன். பெயரைக் கண்டு சிரிப்புக்கூட வந்தது. நான்காவதாக வந்தது வேறு மாதிரி: ‘தொடர்ந்து மூன்று முறை வராததால் உங்கள் முன்பதிவு நிறுத்தப்பட்டுள்ளது.’ சரியாக வேலை செய்கிறது என்று அழித்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் அம்மா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்று போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு சந்தேகம்டி. யாரும் வரலன்னாலும் ஒரு நேரத்தைப் பிடிச்சு வைக்க வழி இருக்கா?”

“எதுக்கும்மா? காலியா இருந்தா அதுவே ஆள் போட்டுக்கும். அதுக்குத்தானே கட்டினதே.”

“ஆமாமா, அதுக்குத்தான்.” அடுப்பைச் சின்னதாக்கினாள். “இல்ல, சும்மா ஒரு இருபது நிமிஷம்…”

“ஏதாவது வேணும்னா அதுல கருத்துன்னு ஒரு பட்டன் இருக்கும்மா. அதுல போடு. உனக்கு மட்டும் தனியா செஞ்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

“அதுவும் நியாயம்தான்” என்று டம்ளரை என் கையில் கொடுத்தாள். சூடாக இருக்கிறது, பார்த்துப் பிடி என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

சந்தாவின் பத்தொன்பதாம் நாள் காலை, குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து வாட்ச் கட்டினாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். பசங்க எழுந்தாச்சா என்ற கேள்விக்காகக் காது காத்திருந்தது. வரவில்லை. போய்ப் பார்த்தபோது வாட்ச் பாதி கட்டியபடி இருந்தது.

இதயத்தில் பழைய அடைப்பு என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் நேர்ந்திருக்கும் என்றார்கள்.

அடுத்த ஒரு வாரம் நான் எதையும் திறக்கவில்லை. ஏஜெண்டுகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. வாராந்திர அறிக்கை வந்தது. பயன்பாடு நூறு சதவீதம்.

இருபத்தேழாம் நாள் டாக்டர் போன் செய்தார். முதலில் அம்மாவைப் பற்றிப் பேசினார். பிறகு தயங்கித் தயங்கி, சந்தாவைத் தொடர வேண்டாம் என்று யோசிப்பதாகச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சாஃப்ட்வேர்ல ஒரு குறை சொல்ல முடியல. அதான் பிரச்சினையே. உள்ளே பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. வெளியே பார்த்தா பன்னண்டரை மணிக்குப் பதினஞ்சு பேர் நிக்கிறாங்க.”

நேரில் வருகிறேன் என்றேன். இலவச மாதம் முடிய மூன்று நாள் இருந்தது.

அம்மாவின் நாற்காலியில் புதுப்பெண் ஒருத்தி இருந்தாள். நாற்காலி நேராகப் போடப்பட்டிருந்தது. அவள் கண் சிவந்திருந்தது, யாரோ திட்டியிருக்க வேண்டும். காத்திருக்கும் அறையில் கால் வைக்கக்கூட இடமில்லாத அளவுக்குக் கூட்டம். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். சின்ன டாக்டர் பின்னால் நின்றார்.

அக்கா இருந்தவரை இப்படி ஆனதில்லை என்று ஆரம்பித்தவர், உடனே தன்னைத் திருத்திக்கொண்டார். அக்கா இருந்த கடைசி இரண்டு வாரமே கொஞ்சம் தள்ளாடத்தான் செய்தது என்றார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அக்கறையாகக் கேட்டார்:

“அத்தை எப்படி இருக்காங்க? அக்கா காரியத்துக்கு வந்திருந்தாங்களா? கூட்டத்துல நான் கவனிக்கல.”

“எந்த அத்தை, டாக்டர்?”

“உங்க அத்தைதான். பதினொன்னு நாப்பது.”

“எனக்கு அத்தையே இல்லையே.”

டாக்டர் என்னைப் பார்த்தார். துக்கத்தில் குழம்பிப்போயிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அப்போது சின்ன டாக்டர் மெதுவாகக் கேட்டார், “அப்போ அவங்க உங்க அத்தை இல்லையா, டாக்டர்?”

“எனக்கு எங்கேருந்துய்யா அத்தை?”

“நான் எட்டு வருஷமா உங்க அத்தைன்னுல்ல நினைச்சுட்டிருக்கேன். அதனாலதான் அந்த நேரத்துல யாரையும் போடச் சொல்லிக் கேட்டதே இல்ல.”

டாக்டர் நினைத்திருந்தது, அக்காவின் நாத்தனார், முடியாதவர், வரும்போது வரட்டும் என்று. ஒரு முறை, அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்றுகூட அவர் விசாரித்திருக்கிறார். அப்படியேதான் இருக்கு டாக்டர் என்று அம்மா பதில் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நான் சிரித்தேன். அம்மா போனபிறகு முதல் முறையாக.

பிறகு அங்கேயே, அம்மாவின் மேசையில் உட்கார்ந்து, மென்பொருளின் பதிவுக் குறிப்பைத் திறந்தேன். யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும்.

முதல் நாள் காலை 7:52. புதிய நோயாளி: அத்தை. மறுப்பு: தொலைபேசி எண் தேவை.

7:53. எண்ணுக்குப் பதில் பத்து பூஜ்யங்கள். மறுப்பு: செல்லாத எண்.

7:56. என் எண். ஏற்கப்பட்டது.

மூன்று நாள் அத்தைக்கு 11:40 கிடைத்தது. மூன்று நாளும் 11:45க்கு அந்த இடத்தில் வேறு ஆள் போடப்பட்டார். வந்தாச்சு என்ற பட்டனை அம்மா ஒரு தடவை அழுத்தியிருந்தால் அந்த நேரம் அவள் கையில் நின்றிருக்கும். அழுத்தவில்லை. நான்காம் நாள் அத்தை நிறுத்தப்பட்டாள். அன்று காலை 7:50க்கு ‘சித்தி’. அதே எண் என்பதால் மறுப்பு. 7:51க்கு ‘பெரியம்மா’. மறுப்பு. ஒன்பதாம் நாள், அதாவது டீ போட்ட அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள், கருத்துப் பட்டன்: ‘ஒரு இருபது நிமிஷம் சும்மா விட வழி இருந்தால் நல்லது. அவசரம் இல்லை.’ பதில் எழுதும் ஏஜெண்ட் நன்றி சொல்லி, காலி நேரத்தை நிரப்ப மூன்று யோசனைகள் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு அம்மா எதையும் முயலவில்லை.

புதுப்பெண்ணிடம் பழைய பதிவேடுகள் எங்கே என்று கேட்டேன். அம்மா அவற்றை மேசையின் கீழ் டிராயரிலேயே வைத்திருந்தாள். காகிதத்தில் பார்த்தபோதுதான் புள்ளிகள் தெரிந்தன. சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளிகள். ஒன்று, இரண்டு, மூன்று. அதையும் ஏஜெண்ட் கேட்டிருந்தது, பன்னிரண்டாவது கேள்வியில். காகிதக் கறையாக இருக்கலாம், உறுதி செய்யவும் என்று. மூவாயிரத்துச் சொச்சம் கறைகளை அகற்றியதாக அறிக்கையும் கொடுத்திருந்தது.

புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அதிக நாள் மூன்று புள்ளி இருந்த பெயர் அந்தக் கிரேன் ஓட்டுநருடையது. வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்தவர். அம்மா இறப்பதற்கு ஐந்து நாள் முன்பே வருவதை நிறுத்தியிருந்தார். முகவரி வாங்கிக்கொண்டு போனேன்.

சரக்கு முனையத்துக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில், தரைத்தளத்தில் இருந்தார். ஜன்னலில் இருந்து பார்த்தால் கிரேன்களின் தலை தெரிந்தது. நான் யார் என்று சொன்னதும் இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். புள்ளியைப் பற்றிக் கேட்டேன். இது தெரியாதா என்பதுபோலப் பார்த்தார்.

“ஒரு புள்ளின்னா அஞ்சு நிமிஷம். எனக்கு மூணு வச்சிருந்தாங்க. ஷூ கழட்டவே எனக்கு அப்போ பதினஞ்சு நிமிஷம் ஆகும்.”

கணுக்காலுக்குப் பிடிப்பு வேண்டும் என்பதால் அவர் கயிறு கட்டும் ஷூதான் போட வேண்டும். உள்ளே போகும்முன் கழற்ற வேண்டும். யாரும் உதவக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சின்ன டாக்டர் ஒருமுறை குனியப்போய்த் திட்டு வாங்கியிருக்கிறார். ஓட்டுநர் கழற்றும் நேரம் முழுவதும் அம்மா பதிவேட்டில் ஏதோ எழுதுவதுபோல உட்கார்ந்திருப்பாள். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போவார்கள். அந்தத் தள்ளல் பதினொன்று நாற்பதில் போய் அத்தையின் இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு வருபவர் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போவார்.

எனக்கு அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. வீட்டுக்கு வந்து ஆறு மாதப் பக்கங்களை எண்ணினேன். பதினொன்று நாற்பதுக்கு முன்னால் வருபவர்களின் புள்ளிகளைக் கூட்டினால் ஒரு நாளும் நான்கைத் தாண்டவில்லை. இரண்டு நாள் மட்டும் ஐந்து. அந்த இரண்டு நாள் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கேட்க ஆளில்லை. பட்டன் போடச் சிரமப்படுபவர்கள், பேசும்போது அழுகிறவர்கள், லிஃப்டில் ஏறப் பயப்படுகிறவர்கள் எல்லாருக்கும் அந்த இருபது நிமிடத்திலிருந்துதான் ஐந்தைந்தாகக் கிள்ளிக் கொடுத்திருக்கிறாள். இதை ஒரு மென்பொருளாக எழுதச் சொன்னால் நானும் பசங்களும் ஒருநாள் முழுக்க யோசித்திருப்போம். அம்மா பென்சிலால் செய்தாள். வெறுமையாக விட்டால் யாராவது ஆளைப் போடுவார்கள் என்று ஒரு பெயரை எழுதினாள். அத்தை என்றால் யாரும் கை வைக்கத் தயங்குவார்கள்.

அன்று அவர் வீட்டிலிருந்து கிளம்பும்முன், ஏன் வருவதை நிறுத்தினீர்கள் என்று கிரேன் ஓட்டுநரைக் கேட்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“கம்ப்யூட்டர் வந்ததுக்கு அப்புறம் பின்னாடி ஆளுங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. ஒருநாள் நான் ஷூவோட போராடிட்டிருக்கேன். ஹெச்.எம். எழுந்து வந்தாங்க. கீழே உக்காந்து, அவங்க கையாலேயே கயித்தை அவுத்தாங்க. ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. அவங்க அப்படிக் குனிஞ்சு நான் பாக்கணுமா? அதான் போகல.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அம்மா இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு. டாக்டர்கள் பழைய அடைப்பு என்றார்கள். அதை நான் நம்புகிறேன். பெரும்பாலான நாட்களில்.

மறுநாள் காலை ஏஜெண்டுகளை எழுப்பினேன். வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒரு நேரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். பெயர் போதும், எண் வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது. அதில் யாரையும் தானாகப் போடக் கூடாது. பெயர்களுக்குப் பக்கத்தில் புள்ளி வைக்கலாம். இவ்வளவுதான் சொன்னேன். பதினொரு கேள்விகள் வந்தன. பதினொன்றையும் படித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். எட்டாவது: ‘அந்த நேரத்துக்கு யாரும் வராவிட்டால், அறிக்கையில் வீணானதாகக் காட்ட வேண்டுமா, வந்ததாகக் காட்ட வேண்டுமா?’

இரண்டும் வேண்டாம், பென்சிலாகவே இருக்கட்டும் என்று எழுதினேன். பென்சில் என்பதை விளக்கவும் என்றது. விளக்கினேன். கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டேன். அம்மாவைப் பற்றி நான் எழுதிய முதல் பக்கம் அதுதான்.

பகலுக்குள் வேலை முடிந்தது. முகப்பில் இருந்த அந்த வரியையும் எடுத்தேன். அந்த இடத்தில் வைக்க வேறு வரி தோன்றவில்லை. இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

டாக்டர் இன்னொரு மாதம் பார்க்கலாம் என்றார். காத்திருந்த மூன்று கிளினிக்குகளில் ஒன்று, ஆளில்லாத நேரத்தைக் காட்டிக்கொடுக்காத மென்பொருள் எதற்கு என்று விலகிக்கொண்டது. மற்ற இரண்டில் வரவேற்பு மேசையில் இருப்பவர்களைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதற்கு முன் அப்படி யாரும் சொன்னதில்லை.

புதுப்பெண் அன்றைக்கே அத்தை என்று பதிந்தாள். அந்தப் பெயரில் என் எண் ஏற்கெனவே இருந்தது. இனி எண் தேவையில்லையே, நீக்கவா என்று ஏஜெண்ட் கேட்டது. வேண்டாம் என்றேன்.

பிறகு கிரேன் ஓட்டுநருக்குப் போன் செய்தேன். நலம் விசாரிக்க வாய் வந்தது. நிறுத்திக்கொண்டு, “இப்போ எந்தக் கையில போன் பிடிச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“இடது கைலதான்” என்றார்.

“அப்போ நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க. மூணு புள்ளி வைக்கச் சொல்லியிருக்கேன்.”

“ரெண்டு போதும்மா. போன மாசமே ஹெச்.எம். ரெண்டாக்கிட்டாங்க.”

அன்று சாயங்காலம் நினைவூட்டல் வந்தது. ‘அத்தை, நாளை காலை 11:40 மணிக்கு உங்கள் நேரம்.’ அழிக்கவில்லை.

மறுநாள் போனேன். காத்திருக்கும் அறையில், லிஃப்டுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மாவின் நாற்காலி இப்போது சற்றுச் சாய்வாக இருந்தது. பதினொரு மணிக்கு அவர் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து வலது ஷூவின் கயிற்றைப் பிடித்தார். முடிச்சு நழுவியது. மறுபடி பிடித்தார். புதுப்பெண் உதவப்போவதுபோல அரைகுறையாக எழுந்தாள். நான் தலையசைத்தேன். உட்கார்ந்து திரையைப் பார்ப்பதுபோல இருந்தாள். பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். ரப்பர் வாசனை வந்துகொண்டிருந்தது.

பதினொரு நிமிடம் ஆயிற்று. ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட்டு நிமிர்ந்தவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டார். என் நேரம் பதினொன்று நாற்பது என்றேன்.

அவர் முகம் மெல்ல விரிந்தது. “ஓ, நீங்கதான் அந்த அத்தையா? வயசானவங்கன்னுல்ல நினைச்சேன்.”

உள்ளே போய்விட்டார். 11:40 ஆனது. புதுப்பெண் திரையிலிருந்து தலையைத் தூக்கி, கொஞ்சம் குழப்பத்தோடு கேட்டாள்:

“அக்கா, அத்தை வந்தாச்சுன்னு போடவா?”

“போடும்மா” என்றேன்.